மடக்குக் கத்தி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாந்தோப்புக்காரர்கள், சொட்டுநீர்க் குழாய் போடும் ஆட்கள், ஓசூர் கம்பெனிகளில் பெட்டி பிரிப்பவர்கள், லீவு விட்டால் மலை ஏறக் கிளம்பும் இளவட்டங்கள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதிலைத் தொகுத்திருக்கிறோம். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

வீட்ல கத்தி இருக்கு, தோட்டத்துல அரிவாள் இருக்கு. நடுவுல இது எதுக்குங்க?

அரிவாளை எடுக்கும் அளவுக்குப் பெரிதில்லாத சில்லறை வேலைகளுக்கு. உர மூட்டையின் தையல் நூல், தக்காளிச் செடியைக் கட்டும் சணல், சொட்டுநீர்க் குழாய், கூரியரில் வந்த அட்டைப்பெட்டி, ஒயரின் மேலுறை, மத்தியானம் தின்ன ஒரு கொய்யாப்பழம். இவற்றைப் பல்லாலும் வண்டிச் சாவியாலும் செய்தே பழகிவிட்டோம்.

சட்டைப்பையில் கிடந்தாலும் உறுத்தாத எடை, ஒரு நொடியில் திறக்கும் வசதி, மடக்கினால் கூர் வெளியே தெரியாத பத்திரம். மடக்குக் கத்தியிடம் இந்த மூன்றுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இப்ப ஜனங்க அதிகமா வாங்கற கத்தி எதெல்லாம்?

முதலில் விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884-ல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறை அது. 1891-லிருந்து சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கைப்பிடிக் கத்தியின் மூல வடிவம் 1897-ல் பதிவானது. அதிகம் கண்ணில் படுவது மூன்று. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. 'கிளாசிக்' (சின்ன அலகு, கத்தரிக்கோல், நக அரம், சின்ன இடுக்கி, பல்குச்சி). 91 மி.மீ. 'ஸ்பார்ட்டன்' (இரண்டு அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், துளைக்கும் ஊசி). அதோடு மர ரம்பமும் கத்தரிக்கோலும் சேர்ந்த 'ஹன்ட்ஸ்மேன்'. இந்த நீளம் எல்லாம் மடக்கிய நிலையில் கைப்பிடியின் நீளம், அலகின் நீளம் இல்லை. இணையத்தில் வாங்கிவிட்டு "படத்துல பெருசா இருந்துச்சே" என்று வருந்துவது இதனால்தான்.

அடுத்தது ஒப்பினெல். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் செய்தது. பீச் மரக் கைப்பிடி, மெல்லிய அலகு, கழுத்தில் ஒரு உலோக வளையம், அவ்வளவுதான். அந்தச் சுழலும் பூட்டு வளையம் 1955-ல் சேர்ந்தது. 6-ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றில்தான் வளையம் உண்டு. அதிகம் விற்பது 8-ஆம் எண். அலகு 8.5 செ.மீ., எடை 50 கிராமுக்குள்.

அமெரிக்கக் கம்பெனிகளில் பக் 110, ஸ்பைடர்கோவின் டெலிகா, பாரா மிலிட்டரி 2, பெஞ்ச்மேடின் பக்அவுட் ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பக் 110 என்பது 1964-ல் வந்த பித்தளைத் தலைப்பு வைத்த கனமான கத்தி, 200 கிராம் இருக்கும். வேட்டிக் கட்டில் செருகினால் வேட்டியே இறங்கும். ஸ்பைடர்கோதான் 1981-ல் அலகில் வட்ட ஓட்டையும் பையில் மாட்டும் கிளிப்பும் வைத்து, ஒற்றைக் கையால் திறக்கும் பழக்கத்தைப் பரப்பியது. பக்அவுட் 52 கிராம்தான், ஆனால் விலை நம் ஊருக்குக் கனம். இவற்றுக்குக் கீழே, சீனாவின் யாங்ஜியாங் நகரத்திலிருந்து வரும் சிவிவி, கான்சோ போன்றவை பாதி விலைக்கும் குறைவாக நல்ல வேலைப்பாட்டோடு கிடைக்கின்றன. பத்து வருஷத்துக்கு முன் சீனக் கத்தி என்றால் முகம் சுளித்தவர்கள் இன்று அதைத்தான் வாங்குகிறார்கள்.

அத்தனையும் வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

வேலையைச் சொன்னால்தான் கத்தியைச் சொல்ல முடியும். தோட்டம், சமையல், பழம் அறுப்பது என்றால் துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒப்பினெல் 8. மெல்லிய அலகு என்பதால் மாங்காயில் அமுக்காமலே இறங்கும். ஆபீஸ், கடை, ஸ்கூட்டரில் சுற்றும் வேலை என்றால் ஸ்பார்ட்டன். பெண்கள் கைப்பையில் வைக்கவும், நூலும் பால் பாக்கெட்டும் வெட்டவும் கிளாசிக் போதும். அதில் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் அதிகம் வேலை செய்யும்.

கையுறை போட்டு ஒரு கையால் திறக்க வேண்டிய வேலை, உதாரணமாக சிப்காட்டில் பேக்கிங் பிரிவு, என்றால் சிவிவி எலிமென்டம் மாதிரி லாக் (திறந்த அலகு தானாக மடங்காமல் பிடிக்கும் பூட்டு) உள்ள கத்தி. ஆனால் நாள் முழுக்க அட்டைப்பெட்டி மட்டும்தான் அறுப்பீர்கள் என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். பிளேடு மாற்றும் கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையைப் போலக் கூரைத் தின்னும் பொருள் வேறில்லை.

போச்சம்பள்ளி சந்தையில நூறு ரூபாய்க்குக் குவிச்சு வெச்சு விக்கிறாங்களே, அது ஆகாதா?

நூல் அறுக்க ஆகும். பிரச்சினை இரண்டு இடத்தில். அலகின் ஸ்டீல் இளசாக இருக்கும், தீட்டினால் கூர் வரும், சாயங்காலத்துக்குள் மழுங்கிவிடும். அடுத்து, அலகைப் பிடித்திருக்கும் ஆணி. சில மாதத்தில் அலகு பக்கவாட்டில் ஆடும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் லாக் இல்லாத சாதா கத்தியாகப் பாருங்கள். மட்டமான லாக், லாக் இல்லாததைவிட ஆபத்து. பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் கையை அழுத்துவோம், அது விரல் மேல் மடங்கும்.

பிளேடு எவ்வளவு நீளம் இருந்தா போதும்?

அன்றாட வேலைக்கு 7 முதல் 8.5 செ.மீ. போதும், போதும். இதற்கு மேல் போனால் பையில் இடிக்கும், பார்ப்பவர் முகமும் மாறும். பெரிய தேங்காய் மூடியளவு கிளிமூக்கு மாங்காயைக்கூட 8 செ.மீ. அலகால் கொட்டையைச் சுற்றி அறுத்துவிடலாம்.

நீளத்தைவிடத் தடிமனைக் கவனியுங்கள். ஒப்பினெல் அலகின் முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு. வாட்டசாட்டமாகத் தெரியும் கத்திகளில் 3.5, 4 மி.மீ.கூட இருக்கும். அப்படிப்பட்டதால் கேரட்டை அறுத்தால் பாதி இறங்கியதும் காய் பிளந்து தெறிக்கும். கத்தி மொக்கை என்று நினைப்பீர்கள். அலகு ஆப்பு மாதிரி பிளக்கிறது, அதுதான் விஷயம்.

லாக் இருக்கிறது நல்லதா, இல்லாதது நல்லதா?

இழுத்து அறுக்கும் வேலைக்கு லாக் தேவையே இல்லை. விக்டோரினாக்ஸின் சாதா மாடல்களில் லாக் கிடையாது, முதுகில் இருக்கும் ஸ்பிரிங்தான் அலகைத் திறந்த நிலையில் பிடித்திருக்கிறது. கூர் பக்கம் அழுத்தும்வரை அலகு இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடங்காது. குத்தும்போதும், அறுத்த இடத்தில் சிக்கிய அலகை ஆட்டி எடுக்கும்போதும்தான் மடங்கும். லாக் அந்த இரண்டுக்குத்தான்.

லாக்கில் வகை உண்டு. ஒப்பினெல் வளையம் எளிமையானது, மண் போனாலும் தட்டினால் சரியாகும். பக் 110, டெலிகாவில் உள்ள முதுகு லாக் உறுதி, ஆனால் மடக்க இரண்டு கை வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக்கில் மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கும். புதிதாக வாங்குபவர்கள் விரலை அறுத்துக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். பக்அவுட், கான்சோ கத்திகளில் உள்ள குறுக்குக் கம்பி லாக்கில் அந்தத் தொல்லை இல்லை. இடது கைக்காரர்களுக்கும் அதுதான் வசதி.

லாக் சரியா இருக்கான்னு கடையிலயே எப்படிப் பார்க்கறது?

கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். அடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஏறியிருந்தால் சரி. ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கும். மறுபக்கம் வரை போய் முட்டியிருந்தால் ஏற்கெனவே தேய்ந்தது என்று அர்த்தம்.

பிறகு அலகின் முதுகை மடித்த துணியில் வைத்து, விரல்களை அலகின் பாதைக்கு வெளியே வைத்துக்கொண்டு, மெல்ல அழுத்துங்கள். அசையக் கூடாது. முதுகை மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்கும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். நல்ல லாக்கையும் அது கெடுக்கும். கடைசியாக, மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். அலகு தானாக வெளியே வந்தால் அது பையில் வைக்கும் கத்தி இல்லை.

டி2, விஜி10, எஸ்30வி-ன்னு ஸ்டீல் பேர் போடறாங்களே, அதுல எதைப் பார்க்கணும்?

மூன்று குணம்தான்: கூர் எத்தனை நாள் நிற்கும், துருப்பிடிக்குமா, தீட்டச் சுலபமா. மூன்றும் ஒரே ஸ்டீலில் முழுசாக வராது. விக்டோரினாக்ஸ் வேண்டுமென்றே ராக்வெல் 56 (ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் எண்) அளவில் கொஞ்சம் இளசாக வைக்கிறது. சீக்கிரம் மழுங்கும், ஐந்து நிமிஷத்தில் திரும்பத் தீட்டிவிடலாம், சில்லு போகாது. எஸ்30வி வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் மழுங்கிய பின் வீட்டிலிருக்கும் சாதாக் கல்லில் தேய்த்தால் கை வலிப்பதுதான் மிச்சம், அதற்கு வைரத்தூள் தகடு வேண்டும்.

டி2 பற்றி ஒரு எச்சரிக்கை. குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்துவிடுவதால் முழுத் துருத்தடுப்பு கிடையாது. புளி, மாங்காய்ச் சாறு பட்டுக் கழுவாமல் ராத்திரி முழுக்க வைத்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். எங்கள் கணக்கில், நம் பக்கத்து வேலைக்கு விக்டோரினாக்ஸ் ஸ்டீல், ஒப்பினெலின் துருப்பிடிக்காத ஸ்டீல், 14சி28என், இந்த மட்டத்துக்கு மேல் செலவழிப்பது ஆசைக்குத்தான். ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, தேவை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மாங்கா அறுத்தேன், பிளேடு கருநீலமா மாறிடுச்சு. கெட்டுப்போச்சா?

உங்களிடம் இருப்பது கார்பன் ஸ்டீல். காயின் புளிப்பு இரும்போடு சேர்ந்து அப்படி ஒரு படலம் விழும். அது கெடுதல் இல்லை, அடியில் உள்ள இரும்பைச் சிவப்புத் துருவிலிருந்து ஓரளவு காக்கவும் செய்யும். தேய்த்து எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. முதல் சில தடவை அறுத்த துண்டில் இரும்பு வாடை வரும், ஓரம் கருக்கும். படலம் படிந்த பிறகு குறையும்.

செம்மண் நிறத்தில் பொடி வந்தால் மட்டும்தான் துரு. கொஞ்சம் எண்ணெய் விட்டு நுண்ணிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போகும். மே, ஜூனில் தினம் மாங்காயோடு புழங்குகிறவர்கள் இந்த ரோதனையே வேண்டாம் என்று துருப்பிடிக்காத ஸ்டீலாக வாங்கிவிடலாம்.

தெருவுல சாணை பிடிக்கிறவர் வர்றாரே, அவர்கிட்ட கொடுத்தா என்ன?

அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் அவர்தான் சரி. மெல்லிய மடக்குக் கத்திக்கு வேண்டாம். உலர்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றும்போது கூர்முனை சட்டென்று சூடேறும். முனையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் ஸ்டீலின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். தண்ணீரில் நனைத்தாலும் திரும்ப வராது. அந்தப் பகுதி முழுதும் தேய்ந்து புது ஸ்டீல் வெளிவரும்வரை கத்தி கூர் நிற்காது.

இன்னொன்று, ஒரு தடவை சாணையில் அலகின் அகலம் கண்ணுக்குத் தெரியக் குறையும். நாலைந்து தடவையில் கத்தி ஊசியாகிவிடும்.

அப்ப வீட்லயே எப்படித் தீட்டறது? கல் எது?

1000 எண் கல் ஒன்று போதும் (எண் ஏற ஏறக் கல்லின் சொரசொரப்பு குறையும்). இரண்டு பக்கக் கல் வாங்கினால் 1000, 3000 சேர்ந்ததாகப் பாருங்கள். கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும். கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது, முதுகின் உயரத்தால் அளக்கலாம். அலகின் அகலம் 18 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. தூக்கினால் சுமார் 16 டிகிரி. 15 மி.மீ. அகலம் என்றால் 4 மி.மீ. தூக்குங்கள்.

கூரில் ஸ்கெட்ச் பேனா மை பூசி இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். மை கூரின் நுனியில் போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டு போனால் மறுபக்கம் விரலில் நெருடும் ஒரு பிசிறு எழும். அடியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் அந்தப் பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதுதான் "எவ்வளவு தேய்ச்சும் கூர் வரல" என்பதற்குக் காரணம். மறுபக்கமும் அப்படியே. பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பக்கத்துக்கு ஒன்று ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும்.

சோதிக்க முழங்கை முடியைச் சிரைக்க வேண்டாம். பாலக்கோட்டுத் தக்காளி ஒன்றை எடுத்துக் கத்தியை அதன் மேல் அழுத்தாமல் இழுங்கள். தோல் உடனே திறந்தால் வேலை முடிந்தது. வழுக்கினால் பிசிறு இன்னும் இருக்கிறது.

ஒகேனக்கல் போய்ட்டு வந்ததிலிருந்து ஒப்பினெல் திறக்கவே மாட்டேங்குது.

மரம் தண்ணீர் குடித்து உப்பி அலகை நெருக்குகிறது. நகத்தால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், திடீரென்று விட்டுக்கொடுத்தால் விரல் போகும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையைக் கல்லிலோ மேசை விளிம்பிலோ சுருக்கென்று தட்டுங்கள். அலகின் முனை கொஞ்சம் வெளியே தலைகாட்டும். சவாய் ஊர்க்காரர்கள் காலம் காலமாகச் செய்யும் வழி இது.

திறந்த பின் நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். காய்ந்ததும் அலகு உட்காரும் பள்ளத்திலும் ஆணிப் பக்கமும் ஆளிவிதை எண்ணெய் துளி துளியாக விட்டு ஊற வைத்து, வழிவதைத் துடைத்துவிட்டால் அடுத்த தடவை இவ்வளவு உப்பாது.

மாம்பால் ஒட்டிக் கத்தி பிசுபிசுன்னு ஆயிடுச்சு. லாக்கும் சரியா விழல.

மாம்பால் பிசின் மாதிரி இறுகும், தண்ணீருக்குப் போகாது. துணியில் சமையல் எண்ணெய் தொட்டு முதலில் பிசினை இளக்குங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் ஆணிப் பக்கமும் லாக் தகடு அலகைத் தொடும் இடமும் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் லாக்கை முழுசாக விழவிடாமல் தடுக்கிறது. திறந்தபடியே உலர்த்தி, ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. லாக் தகட்டில் எண்ணெய் படக் கூடாது, வழுக்கும். பழம் அறுக்கும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.

தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அதையே விடுவார்கள். கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது உறைந்தே போகும்.

மா ஒட்டுக்கட்ட இதையே வெச்சுக்கலாமா?

அவசரத்துக்கு ஆகும், தொழிலாகச் செய்ய ஆகாது. சந்தூர் நாற்றங்கால்களில் பயன்படுத்தும் ஒட்டுக்கத்தியில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. அதனால் குச்சியை ஆப்பு வடிவில் சீவும்போது 3, 4 செ.மீ. வெட்டு ஒரே இழுப்பில் சமமாக வரும். நாம் பேசும் கத்திகள் இரண்டு பக்கமும் சரிந்தவை. வெட்டு நடுவில் குழிந்து, செடியும் குச்சியும் முழுக்க ஒட்டாமல் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் ஒட்டு காய்கிறது.

இருக்கிற கத்தியால் செய்வதானால் மேலே சொன்னபடி 3000 கல் வரை தீட்டுங்கள். செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடையுங்கள். அதே கத்தியால் மத்தியானம் மூட்டை பிரிக்காதீர்கள்.

சொட்டுநீர்க் குழாய் அறுக்கிறேன், ஜாயினர்ல ஒழுகுது. கத்தி தப்பா?

கை தப்பு. 16 மி.மீ. லேட்டரலை (செடி வரிசையோடு ஓடும் கிளைக் குழாயை) மடக்கிப் பிடித்து இழுத்து அறுத்தால் வெட்டு சாய்வாக வரும். சாய்ந்த ஓரம் ஜாயினரில் ஒரு பக்கம் முழுசாக ஏறாது, அங்கேதான் கசிவு. குழாயை மரக்கட்டை மேல் வைத்து, அலகை நேர் குறுக்காக வைத்து, உருட்டிக்கொண்டே அறுங்கள்.

இளநீர் சீவலாமா? டப்பா மூடி நெம்பலாமா?

இரண்டும் கூடாது. இளநீருக்கு அரிவாளின் எடைதான் வேலை செய்கிறது, அந்த எடை இதில் இல்லை. நெம்பினால் முனை ஒடியும் அல்லது ஆணி தளர்ந்து அலகு ஆட ஆரம்பிக்கும். நெம்பும் வேலைக்கு ஸ்பார்ட்டனில் பாட்டில் திறப்பானின் தட்டை முனை இருக்கிறது. இடுக்கி வேலையும் சேர்ந்து வரும் மோட்டார், ஒயரிங் ஆட்கள் மடக்குக் கத்தியை விட்டு லெதர்மேன் மாதிரி இடுக்கிக் கருவிக்குப் போவதே சரி.

மரத்திலிருந்து மாங்காயைக் காம்போடு அறுக்கவும் கத்தியைவிடக் கத்தரி மேல். 1 செ.மீ. காம்பு விட்டு வெட்டினால் பால் தெறித்துத் தோல் கருகாது. கத்தியால் அந்த அளவு கைக்கு வராது.

போலீஸ் பார்த்தா கேஸ் போடுவாங்களா?

ஆயுதச் சட்டம் 1959-ம், ஆயுத விதிகள் 2016-ம் சொல்லும் அளவு இது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்தவை அதில் சேராது. நாம் பேசும் கத்திகள் எல்லாம் 4 அங்குலத்துக்குள். வாங்கவோ வைத்திருக்கவோ லைசென்ஸ் தேவையில்லை.

ஆனால் அளவு சின்னது என்பது எல்லா இடத்துக்கும் பாஸ் ஆகாது. தடை உத்தரவு அமலில் இருக்கும் நேரம், தேர்தல் கூட்டம், தேர்த் திருவிழா நெரிசல், கோர்ட்டு, இங்கெல்லாம் கொண்டு போகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனால் வாசலில் பையைச் சோதிப்பார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சண்டையில் சின்ன கத்தியைக் காட்டினாலும் வழக்கு வரும். அதற்கு லைசென்ஸ் அளவு பார்ப்பதில்லை.

பட்டன் அமுக்கினா பட்டுன்னு திறக்குமே, ராம்பூரி மாதிரி. அது வாங்கலாமா?

வேண்டாம். அதனால் ஆகும் வேலை எதுவும் சாதா கத்தியால் ஆகாமல் போவதில்லை. டெல்லியில் பட்டன் கத்திக்கென்றே தனி அறிவிக்கை போட்டு, மேலே சொன்ன 9 அங்குலத்தை 7.62 செ.மீ. ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதையும் மீறி வாங்கினால், சோதனையில் அது கருவியாகத் தெரியாது, உங்கள் விளக்கம் எடுபடாது.

ஓசூர்ல இருந்து தினம் பெங்களூரு போறேன். மெட்ரோ, ஃபிளைட்ல எப்படி?

மெட்ரோவில் பை ஸ்கேனரில் போகும், கத்தி தெரிந்தால் நிறுத்துவார்கள். தினம் மெட்ரோ ஏறுகிறவர் ஆபீஸ் டிராயரில் ஒன்று, வீட்டில் ஒன்று வைப்பதே நிம்மதி. விமானத்தில் கைப்பையில் எந்த அளவிலும் கூடாது. சாவிக்கொத்தில் மறந்து தொங்கும் கிளாசிக்கும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். கவுன்ட்டரில் போடும் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்தால் பிரச்சினை இல்லை.

இணையத்துல வாங்கின விக்டோரினாக்ஸ் ஒரிஜினலான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்பதும் கூர்மையான எழுத்தில் அச்சாகியிருக்கும். மங்கிய, கோணலான எழுத்து போலி. மடக்கிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் பிரிவுத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகக் கூடாது. ஒவ்வொரு கருவியும் திறந்து மூடும்போது 'டக்' என்று உட்கார வேண்டும், நொளநொளவென்று வரக் கூடாது. கைப்பிடியின் சிலுவைச் சின்னம் உள்ளே பதித்திருக்கும், மேலே ஒட்டிய ஸ்டிக்கராக இருக்காது. பாதி விலை என்று போட்டிருந்தால் இவ்வளவும் பார்க்க வேண்டியதே இல்லை.

பையன் எட்டாவது படிக்கிறான், கேட்டுட்டே இருக்கான். வாங்கித் தரலாமா?

தரலாம், பள்ளிக்கூடப் பைக்குள் போகாது என்ற நிபந்தனையோடு. ஒப்பினெலில் முனை உருட்டிய பிள்ளைகள் கத்தி உண்டு. உட்கார்ந்துதான் அறுக்க வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளியே போக வேண்டும், கை எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக் கூடாது. இந்த மூன்றும் பழகும்வரை பெரியவர் பக்கத்தில் இருங்கள். மழுங்கிய கத்தியைப் பிள்ளையிடம் கொடுப்பது பத்திரம் என்று நினைக்காதீர்கள், அழுத்தி அறுக்கும்போதுதான் வழுக்கும்.

அறுத்துக்கிட்டா?

சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். நின்ற பிறகு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். விரலை மடக்க முடியவில்லை, மரத்துப்போகிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. தோட்டத்து மண் பட்ட காயம் என்றால் டி.டி. ஊசி எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

முனை ரெண்டு மி.மீ. ஒடிஞ்சுது. தூக்கிப் போட்டுடறதா?

வேண்டாம், சரி செய்யலாம். எந்தப் பக்கம் தேய்ப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கூர் பக்கத்தைத் தேய்த்து முனை எடுத்தால் புது முனை முதுகுப் பக்கமாக மேலேறி நிற்கும். கத்தியை மடக்கும்போது அது கைப்பிடிக்குள் அடங்காமல் வெளியே துருத்தி, பையையும் தொடையையும் குத்தும். அதனால் முதுகுப் பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும், முனை கூரின் கோட்டுக்கு இறங்கி வரும்.

சொரசொரப்பான கல்லிலோ வைரத்தூள் தகட்டிலோ தண்ணீர் விட்டுக் கையால் தேயுங்கள். ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும், கிரைண்டரை எடுக்காதீர்கள், சாணைக்குச் சொன்ன அதே சூடுதான் இங்கேயும். நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தியை மடக்கிப் பார்த்து, முனை கைப்பிடிக்குள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.